லெஸ் பால் கிட்டாரில் நெக் பிக்கப் மட்டும் கலங்கலாக ஒலித்தால்

கிப்சனின் லெஸ் பால் எலெக்ட்ரிக் கிட்டாரில் பிரிட்ஜ் பக்கம் (கம்பிகள் உடலில் முடியும் இடம்) சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜேபி பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) போட்டாயிற்று, நெக் (கழுத்து) பக்கப் பிக்கப்பில் ஒலி கொழகொழவென்று இருக்கிறது, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குவதற்கு முன் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். கடைசி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கம்பியை அழுத்திக்கொண்டு, பிக்கப்பின் தடித்த கம்பிப் பக்கத்தை 3 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை இறக்குங்கள். மெல்லிய கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர் போதும். நெக் அருகே கம்பி அகலமாக ஆடுவதால் பாஸ் (கீழ் ஒலி) தானாகவே தூக்கலாகத்தான் வரும். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

அப்புறம் வால்யூம் பாட், அதாவது வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள மாறு மின்தடையைப் பாருங்கள். கிப்சன்கள் பலவற்றில் 300கே (கிலோ ஓம்) இருக்கும், அது ட்ரெபிளை (மேல் ஒலி) கொஞ்சம் விழுங்கும். 500கே மாற்றுவது பிக்கப்பை விட மலிவு.

அதற்கும் சரிவரவில்லையா, என் ஓட்டு டங்கனின் 'ஜாஸ்' என்ற பிக்கப்புக்கு. ஜேபியின் மின்தடை சுமார் 16 கிலோ ஓம், ஜாஸ் அதில் பாதிகூட வராது. அதனால் கனமான கார்டிலும் (பல சுரங்களைச் சேர்த்து வாசிப்பது) ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். ப்ளூஸ்தான் அதிகம் வாசிப்பீர்கள் என்றால் டங்கனின் '59 மாடல், அதில் பாஸ் சற்றுக் கூடுதல். அல்நிகோ 2 காந்தம் உள்ளவை இனிமைதான், ஆனால் உங்கள் புகாருக்கு மருந்து அதுவல்ல. 'ஹாட்' (அதிக வெளியீடு) என்று பெட்டியில் போட்டிருந்தால் தொடவே வேண்டாம்.