கால்வே ஊரும் பதினாலு குடும்பங்களும்

தம்பி, அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் கால்வே ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு வரப்போவதாகச் சொல்லி, வாடகை, குளிர், அப்புறம் "ஊர்க்காரர்கள் பதினாலு குடும்பம் என்கிறார்களே, அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா" என்று கேட்டிருக்கிறாய். வாடகை அதிகம். வீட்டை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதே. நான் வந்த புதிதில் ஒரு வீட்டுக்காரர் என் பணத்தைத் திருப்பித் தரவே இல்லை, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. குளிரைவிட மழைதான் தொல்லை. குடை காற்றில் நிற்காது, நல்ல மழைக்கோட்டு வாங்கிக்கொள்.

மூன்றாவதைக் கட்டாயம் தெரிந்துகொள். லிஞ்ச், பிளேக், மார்ட்டின், ஜாய்ஸ், கிர்வன், பிரவுன் என்று போகும் அந்த 14 குடும்பங்களும் ஒரு காலத்தில் இந்த ஊரை ஆண்ட வணிகக் குடும்பங்கள். ஸ்பெயினிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஒயினை இறக்கி, தோலையும் கம்பளியையும் ஏற்றியவர்கள். 1484-லிருந்து 1654 வரை மேயர் பதவியில் ஏறக்குறைய பாதி முறை ஒரு லிஞ்ச்தான் உட்கார்ந்திருந்தார். ஷாப் தெருவில் லிஞ்ச் குடும்பத்தின் கோட்டை இப்போது பேங்க். உள்ளே போகுமுன் சுவரில் செதுக்கிய குலச்சின்னங்களை நிமிர்ந்து பார். ஐர் சதுக்கத்தில் பிரவுன் வீட்டு வாசல், வீடில்லாமல் வாசல் மட்டும், 1627 என்ற வருஷத்தோடு நிற்கிறது.

ஆனால் இவர்களைப் பழைய ஐரிஷ் குடும்பங்கள் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. கிர்வன், டார்சி போன்ற ஒன்றிரண்டைத் தவிர மற்றவர்கள் வெளியிலிருந்து வந்து ஊர் மதிலுக்குள் குடியேறியவர்களின் வம்சம். ஓ, மாக் என்று பெயர் தொடங்கும் ஐரிஷ்காரர் தெருவில் மிடுக்காக நடக்கக் கூடாது என்று 1518-ல் சட்டமே போட்டார்கள். மதிலின் மேற்கு வாசலில், வெளியே இருந்த ஓர் ஐரிஷ் குலத்தைக் குறித்து, "ஓ'ஃப்ளாஹர்ட்டிகளிடமிருந்து காப்பாற்று ஆண்டவரே" என்று எழுதியிருந்ததாகச் சொல்வார்கள். உன் வார்டிலேயே ஒரு ஓ'ஃப்ளாஹர்ட்டி படுத்திருப்பார், பார்த்துப் பேசு. 1652-ல் இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் தலைவர் கிராம்வெல்லின் படையிடம் ஊர் விழுந்ததும், கத்தோலிக்கர்களான இந்த 14 குடும்பங்களும் சொத்தையும் பதவியையும் பறிகொடுத்தன.

மேயர் லிஞ்ச் 1493-ல் சொந்த மகனையே தூக்கிலிட்டார் என்று ஒரு ஜன்னலைக் காட்டி உருக்கமாகச் சொல்வார்கள். ஆதாரமில்லாத கதை, நம்பிவிடாதே.

நம்மவர்களில் பலர் வருஷக்கணக்கில் இங்கே இருந்தும், சனிக்கிழமையானால் மளிகை வாங்க டப்ளினுக்கு ஓடுவதைத் தவிர ஒன்றும் அறியாதவர்கள். "இந்த ஊர்க்காரர்கள் நம்மோடு ஒட்ட மாட்டார்கள்" என்று குறை வேறு. எனக்கு அப்படி இல்லை. மதிலுக்கு வெளியே இருந்த பழைய மீனவக் குப்பமான கிளாடாவைச் சேர்ந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்து வீட்டில் இருந்தார். முதல் நாளே எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார். நான் தாத்தா பெயர்வரை சொன்னேன். அதன்பிறகு அவர் கதையை நிறுத்தவே இல்லை. 1930-களில் கிளாடாவின் ஓலைக்கூரை வீடுகளை இடித்து வரிசை வீடு கட்டியதைக் கோபத்தோடு சொல்வார். அம்மா வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்பதுவரை விவரிப்பார். அந்தப் பதினாலில் கிளாடாக்காரன் ஒருவன்கூட இல்லை என்பதையும் அழுத்திச் சொல்வார். அவர் மகள் இங்கேதான் இருக்கிறார். நீ வந்ததும் சொல், கூட்டிப்போகிறேன்.