தமிழைப் பள்ளியில் கேட்கும் மாணவி, யாரிடம் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: ஐயா, நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கிறோம். என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். ‘மாற்றப்பட வேண்டிய ஒரு கொள்கை’ என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசும்படி ஆங்கில ஆசிரியை சொல்லியிருக்கிறார். தலைமை ஆசிரியரும் பள்ளி நிர்வாகக் குழுவைச் சேர்ந்த சிலரும் கேட்க வருகிறார்கள். நாடு முழுவதும் எல்லாப் பள்ளிகளிலும் தமிழைப் பாடமாக்க வேண்டும் என்று என் மகள் இருபதுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் தயாரித்தாள். ஒத்திகை பார்த்த ஆசிரியை, “மனத்தைத் தொடுகிறது, ஆனால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறாய்?” என்று கேட்டாராம். அதிலிருந்து அவளுக்கு எழுதவே ஓடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆசிரியை கேட்டதை உங்கள் மகள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் கேட்ட அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். தனக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்து, அதைத் தரும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, அவர் எதைக் கேட்டால் சம்மதிப்பார், எதைக் கேட்டால் தயங்குவார் என்று யோசித்து, அதன் பிறகுதான் சான்றுகளையும் சொற்களையும் தேட வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிடைத்த செய்திகளையெல்லாம் அடுக்கிவிட்டு, கடைசி ஸ்லைடில் ‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று முடிக்கிறார்கள். அரசு அந்த அறையில் இருக்கப் போவதில்லை. தலைமை ஆசிரியரும் நிர்வாகக் குழுவினரும்தான் இருப்பார்கள், எனவே அவர்களால் நிறைவேற்ற முடிந்த ஒன்றைக் கேட்பதே உங்கள் மகளின் வேலை.

‘எல்லாப் பள்ளிகளிலும் தமிழ்’ என்பது அவர்கள் கையில் இல்லை. தேசியப் பாடத்திட்டம் அடிப்படைக் கல்வி அமைச்சரின் பொறுப்பில் வருவது. அங்கேயும் தமிழுக்குத் தடை ஏதும் இல்லை: தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஆகிய ஐந்து மொழிகளையும் விருப்பப் பாடங்களாகப் பாடத்திட்டத்தில் மீண்டும் சேர்க்க 2014-இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஆகவே தமிழை அனுமதிக்க வேண்டும் என்று உங்கள் மகள் முழங்கினால், விவரம் தெரிந்த ஒருவர் ‘அனுமதிதான் இருக்கிறதே’ என்று ஒரே வரியில் வாதத்தைச் சாய்த்துவிடுவார். அனுமதி இருந்தும் தங்கள் பள்ளியில் வகுப்பு இல்லை என்பதுதான் உண்மையான குறை. உரை அதைத்தான் பேச வேண்டும்.

அரசியலமைப்பைக் காட்டும்போதும் நிதானம் வேண்டும். நம் பிள்ளைகள் 29-ஆம் பிரிவை மேற்கோள் காட்டி, விரும்பிய மொழியில் கல்வி பெறுவது எங்கள் உரிமை என்பார்கள். அந்தப் பிரிவு பேசுவது ஆட்சி மொழிகளைப் பற்றி; அதுவும் நடைமுறையில் இயலும் இடங்களில் மட்டும். தமிழ் இந்நாட்டின் ஆட்சி மொழி அன்று. தமிழ் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவது 6-ஆம் பிரிவில்: இங்குள்ள சமூகங்கள் வழங்கும் மொழிகள் என்று ஜெர்மன், கிரேக்கம், போர்த்துகீசியம் முதலியவற்றோடு தமிழையும் சேர்த்து, அவற்றை வளர்ப்பதும் அவற்றுக்கு மதிப்பு கிடைக்கச் செய்வதும் பான் தென்னாப்பிரிக்க மொழி வாரியத்தின் கடமை என்று அது சொல்கிறது. எந்தப் பள்ளியையும் அது கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ஒரு பள்ளி தமிழுக்கு இடம் தருவது நாட்டின் அடிப்படைச் சட்டத்தின் போக்கோடு ஒத்துப்போகும் செயல் என்று சொல்ல அது போதும். இல்லாத உரிமையை இருப்பதாகச் சொல்லிப் பிடிபட்டால், அதற்குப் பின் உங்கள் மகள் சொல்லும் மெய்யான செய்திகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து அவர் படிக்க வேண்டியது 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம். முழுவதையும் படிக்கத் தேவையில்லை. 20, 21, 23 ஆகிய மூன்று பிரிவுகளைப் பொறுமையாகப் படித்தால் போதும். 23-ஆம் பிரிவின்படி நிர்வாகக் குழுவில் வாக்குரிமை உள்ள மற்ற எல்லாரையும் விடப் பெற்றோர் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பிலும் அதற்கு மேற்பட்ட வகுப்புகளிலும் படிக்கும் மாணவர்களின் பிரதிநிதிகளும் அதில் உண்டு. ஆக, இந்தக் கோரிக்கை முதலில் பெற்றோருக்குப் புரிய வேண்டும். கல்வித் துறையின் கலைச்சொற்களில் பேசினால் அந்தப் பெற்றோர் விலகிப்போவார்கள். 21-ஆம் பிரிவு, பள்ளிநேரத்துக்கு அப்பாற்பட்ட செயல்களையும் பாடத் தெரிவுகளையும் நிர்ணயிக்கும் பொறுப்பைக் கேட்டு மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் பள்ளி விண்ணப்பிக்க வழி செய்கிறது. உங்கள் பள்ளிக்கு அந்தப் பொறுப்பு ஏற்கெனவே வழங்கப்பட்டிருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 20-ஆம் பிரிவு, சமூகப் பயன்பாட்டுக்காகப் பள்ளியின் இடங்களை நியாயமான நிபந்தனைகளோடு திறந்துவிட நிர்வாகக் குழுவுக்கு இடமளிக்கிறது. இதற்கு நாட்டின் அரசு இருக்கும் பிரிட்டோரியா வரை போக வேண்டியதில்லை. வருகிற கூட்டத்திலேயே முடிவெடுக்கலாம்.

இவற்றையெல்லாம் பார்த்தபின் கோரிக்கையை ஒரே வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைக் கொண்டு நான் எழுதிப் பார்த்தது இது: “வருகிற ஜனவரி முதல் ஓராண்டுக்கு, எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் விரும்புவோருக்காக, வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பு நடத்த ஒரு வகுப்பறையை ஒதுக்குவதென்றும், ஆண்டு முடிவில் வருகையையும் முன்னேற்றத்தையும் பார்த்து, பத்தாம் வகுப்பின் விருப்பப் பாடங்களில் தமிழைச் சேர்ப்பது பற்றி ஆலோசிப்பதென்றும் நிர்வாகக் குழு தீர்மானிக்க வேண்டும்.” யார், எதை, எப்போது, எவ்வளவு காலம் என்பது எல்லாம் இதில் வந்துவிடுகிறது. எட்டு, ஒன்பது என்று நான் குறிப்பிட்டதற்குக் காரணம், ஒன்பதாம் வகுப்பின் முடிவில்தான் மாணவர்கள் பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன்பின் ஆசை காட்டிப் பயனில்லை. கோரிக்கை சிறியதாகிவிட்டதே என்று உங்கள் மகள் வருந்தக்கூடும். நிறைவேறக்கூடிய சிறு கோரிக்கையைத்தான் கேட்பவர்கள் உட்கார்ந்து எடைபோட்டுப் பார்ப்பார்கள். நிறைவேறாத பெரிய கோரிக்கைக்குக் கைதட்டல் கிடைக்கும், அதோடு சரி.

இதற்கு உள்ளூர்ச் சான்று ஒன்று உண்டு. டர்பனில் ஒரு மாணவி மூக்குத்தி அணிந்து வரக்கூடாது என்று பள்ளி தடுத்த வழக்கில், அரசியலமைப்பு நீதிமன்றம் 2007 அக்டோபரில் தீர்ப்பளித்தது. சீருடை விதியையே ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மத, பண்பாட்டு வழக்கங்களுக்கு நியாயமான விலக்கு கேட்கவும், அதைப் பள்ளி பரிசீலிக்கவும் ஒரு நடைமுறையை, மாணவர், பெற்றோர், ஆசிரியர் ஆகியோரைக் கலந்து விதிகளில் சேர்க்கும்படி உத்தரவிட்டது. அந்தத் தாய் பள்ளிக்கு அளித்த விளக்கமும் கவனிக்கத்தக்கது: பருவமெய்திய பெண்ணுக்கு மூக்குத்தி அணிவிப்பது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறு வயது நிறைந்ததும் பாட்டி தங்க மூக்குத்தியை மாற்றி வைர மூக்குத்தி போடுவார் என்று எழுதியிருந்தார். ‘எங்கள் பண்பாட்டை மதியுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் கேட்பவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பாட்டி என்ன செய்வார் என்று எழுதியதால், அந்த வீட்டில் அந்த வழக்கம் எப்படி இருக்கிறது என்பது தெரிந்தது. உங்கள் மகள் தன் வீட்டிலிருந்து சொல்ல அப்படி ஒரு செய்தி இருந்தால், ஒன்றே ஒன்றைச் சொல்லட்டும்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்த வரலாற்றை அவர் கட்டாயம் தயாரித்திருப்பார் என்று நினைக்கிறேன். அது நம் எல்லாருக்கும் உயிரான செய்தி. ஒரு வாக்கியத்துக்கு மேல் அதற்கு இடம் தர வேண்டாம் என்றுதான் சொல்வேன். இன்று சாட்ஸ்வர்த் பள்ளி வகுப்பறைகளில் சூலு மொழி பேசும் வீடுகளின் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிர்வாகக் குழுவிலும் அவர்களின் பெற்றோர் இருக்கக்கூடும். மூதாதையர் கப்பலில் வந்தார்கள் என்பது மட்டுமே காரணம் என்றால், கரும்புத் தோட்டத்தோடு தொடர்பில்லாத ஒரு தாய், ‘இதில் என் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்பது நியாயம். அதனால் வகுப்பு எல்லா மாணவர்களுக்கும் திறந்தது என்பதையும், எழுத்தே தெரியாதவருக்கும் அதில் இடம் உண்டு என்பதையும் உரையின் முற்பகுதியிலேயே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மொழியைக் கற்கும் வாய்ப்பு என்று சொன்னால் அந்தத் தாயும் காதுகொடுப்பார்.

எதிர்ப்புகளை ஒளிக்காமல் எடுத்துச் சொல்லிப் பதில் தருவதுதான் உரையின் நெஞ்சுப்பகுதி. பத்து நிமிடத்தில் நான்கு நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம். முதல் எதிர்ப்பு நேர அட்டவணையிலிருந்து வரும். பத்து முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் ஏழு பாடங்கள்: இரண்டு மொழிகள், கணிதம் அல்லது கணித அறிவு, வாழ்க்கைநெறி, மீதம் மூன்று விருப்பப் பாடங்கள். அந்த மூன்றில் தமிழ் நுழைந்தால் இயற்பியலோ கணக்கியலோ வெளியேற வேண்டுமே என்று பெற்றோர் அஞ்சுவார்கள். பிற்பகல் வகுப்பில் தொடங்குவது ஏன் என்பதற்கு இதுவே விடை: முதல் ஆண்டில் யாரும் எதையும் இழப்பதில்லை. இரண்டாவது, ஆசிரியர் எங்கே என்ற கேள்வி. சட்டம் அனுமதிக்கும் கூடுதல் ஆசிரியர் பணியிடத்துக்குப் பள்ளி நிதியிலிருந்துதான் சம்பளம் தர வேண்டும் என்பதால், அதை முதல் ஆண்டிலேயே கேட்பது வீண். உங்கள் வட்டாரத்துத் தமிழ்ச் சங்கமோ கோவில் வகுப்போ ஓர் ஆசிரியரை அனுப்ப முன்வருமா என்று நீங்களே விசாரித்து, எழுத்து வடிவில் ஒரு சம்மதக் கடிதம் வாங்கித் தாருங்கள். அந்த ஒரு தாள் பத்து ஸ்லைடுகளைக் காட்டிலும் பயன்படும்.

மூன்றாவதுதான் நுட்பமானது. சூலு மொழிக்கோ ஆப்பிரிக்கான்ஸுக்கோ பதிலாகத் தமிழ் என்று ஒரு சொல்கூட வந்துவிடக் கூடாது. இரண்டு மொழிப் பாடங்களும் ஆட்சி மொழிகளாக இருக்க வேண்டும் என்பதால் அது விதிப்படி நடக்காது. நம் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் வாழ்ந்துகொண்டு அப்படிக் கேட்பது முறையும் அன்று. 1976 ஜூன் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த சொவேட்டோ மாணவர்கள் தெருவுக்கு வந்தது, ஆப்பிரிக்கான்ஸைப் பயிற்றுமொழியாகத் திணித்ததை எதிர்த்துத்தான். மொழித் திணிப்பு என்ற சொல் இந்நாட்டில் இன்றும் எவ்வளவு கனமானது என்பதை உங்கள் மகள் உணர்ந்து பேச வேண்டும். அந்தப் போராட்டத்தோடு தன் கோரிக்கையை ஒப்பிடவும் வேண்டாம். உயிர்கள் போன நிகழ்வு அது. விரும்பியவர் மட்டும் சேரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று தெளிவாகச் சொல்வதே அவர் காட்டக்கூடிய மரியாதை.

புள்ளிவிவரத்துக்கு இணையத்தில் அலைய வேண்டாம். உலகில் எத்தனை கோடித் தமிழர்கள் என்பது இந்தக் குழுவின் முடிவை மாற்றாது. தங்கள் பள்ளியில் எத்தனை பேர் வருவார்கள் என்பது மாற்றும். எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளில் ஒரு சிறு கணக்கெடுப்பு நடத்தலாம், தலைமை ஆசிரியரின் அனுமதியோடு. ‘தமிழ் கற்க விருப்பமா?’ என்று கேட்டால் தோழிக்காக எல்லாரும் ஆம் என்பார்கள். ‘செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பு நடந்தால் வருவாயா? அதன்பின் வீட்டுக்குப் போக உனக்கு வாகன வசதி உண்டா?’ என்று கேட்டால் உண்மை வரும். எண்ணிக்கை குறைந்தாலும் கவலையில்லை. அந்த எண்ணை யாரும் அசைக்க முடியாது. பெயர்களை எழுதி வாங்க வேண்டாம். பிள்ளைகளின் தனிப்பட்ட விவரங்களைத் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பெயரில்லாத தாள் போதுமானது.

ஸ்லைடுகள் ஐந்துக்கு மேல் வேண்டாம்: கோரிக்கை, கணக்கெடுப்பின் முடிவு, அதிகாரம் தரும் சட்டப் பிரிவு, செலவும் ஆசிரியரும், மறுபடியும் கோரிக்கை. கோரிக்கையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடைசிவரை காத்துவைத்தால் கேட்பவர்கள் எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமலே உட்கார்ந்திருப்பார்கள். மின்வெட்டு வந்தால் புரொஜெக்டர் இருக்காது. எனவே ஒரு பக்கத்தில் சுருக்கத்தை அச்சிட்டு, ஆளுக்கொரு பிரதி எடுத்துச் செல்லட்டும். உரை ஆங்கிலத்தில்தான் என்றாலும், ‘சனிபோனானி’ என்று சூலுவிலும் ‘வணக்கம்’ என்று தமிழிலும் சொல்லித் தொடங்குவது அழகு. ஒத்திகையை உங்கள் முன் செய்வதோடு நிறுத்தாமல், இந்தக் கோரிக்கையை விரும்பாத ஒருவர் முன்னும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். அவர் குறுக்கிட்டுக் கேட்பவைதான் நிர்வாகக் குழுவும் கேட்கப்போகிறவை. விடை தெரியாத கேள்வி வந்தால், ‘கேட்டறிந்து எழுத்தில் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டு அப்படியே தர வேண்டும்.

பேச்சுக்கு மதிப்பெண் வந்ததோடு இதை விட்டுவிடாதீர்கள். நிர்வாகக் குழு ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது விதி. அடுத்த கூட்டத்தின் தேதியைக் கேட்டு, அதற்கு முன்பே அந்த ஒரு வாக்கியக் கோரிக்கையையும் கணக்கெடுப்பையும் ஆசிரியரின் சம்மதக் கடிதத்தையும் இணைத்து, மாணவர் பிரதிநிதிகள் மன்றத்தின் வழியாகக் குழுவின் செயலாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வகுப்பு நடக்கும் பிற்பகல்களில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் பெற்றோர் ஒருவரின் பெயரும் கையெழுத்தும் அந்தக் கோரிக்கையில் இருக்க வேண்டும். குழு முதலில் கேட்பது அதையாகத்தான் இருக்கும். அந்தப் பெற்றோர் நீங்களாகவே இருக்கலாம்.