டெஸ்க்டாப் வேண்டாம், கறுப்புத் திரை போதும்

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுனில் கல்யாண கார்டு அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டு, டிசைன் கோப்புகளை அதில் வைத்து முன் கவுண்டர் கணினிக்குப் பகிர்கிறேன். அந்த லேப்டாப் முன்னால் யாரும் உட்காருவதில்லை. டெஸ்க்டாப் இல்லாமல் நேராகக் கட்டளைத் திரையில் தொடங்க வைக்கலாமா? ஒரு பழைய குறிப்பில் 'இனிட்டாப்' கோப்பைத் திறந்து 5-ஐ 3 ஆக்கச் சொல்லியிருந்தது. என் கணினியில் அந்தக் கோப்பே இல்லை.

பதில்: தாராளமாக வைக்கலாம். டெஸ்க்டாப் பிடித்து வைத்திருக்கும் சில நூறு எம்பி ரேம் திரும்பக் கிடைக்கும். 2 ஜிபியில் அது சின்ன விஷயமில்லை.

நீங்கள் பார்த்த குறிப்பு ரெட் ஹாட் குடும்பத்து லினக்ஸுக்கு, அதுவும் அந்தக் காலத்துக்கு, எழுதியது. அங்கே கணினி எப்படித் தொடங்க வேண்டும் என்பதை இனிட்டாப் கோப்பில் உள்ள எண்தான் சொல்லும். 3 என்றால் வெறும் எழுத்துத் திரை, 5 என்றால் டெஸ்க்டாப். அந்தக் குடும்பத்து ஃபெடோரா, கணினி தொடங்கும்போது மற்ற எல்லாவற்றையும் கிளப்பிவிடும் சிஸ்டம்டி என்ற நிரலுக்கு 2011-லேயே மாறிவிட்டது. மின்டுக்கு அடித்தளமான உபுண்டு 2015-ல் மாறியது. இப்போது நீங்களே ஓர் இனிட்டாப் கோப்பை உருவாக்கி வைத்தாலும் அதை யாரும் படிக்கப் போவதில்லை.

ஆனால் அந்த 3 முழுதாகச் சாகவில்லை. முதலில் அதை வைத்து ஒருமுறை வெள்ளோட்டம் பாருங்கள். கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்) அழுத்தினால் குரப் மெனு, அதாவது எதைத் தொடக்குவது என்று கேட்கும் பட்டியல், வரும். மேல் வரியில் நின்று 'ஈ' எழுத்தைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு 3 என்று சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இந்த ஒரு தடவைக்கு மட்டும் டெஸ்க்டாப் வராது. அடுத்த முறை பழையபடியே தொடங்கும். மின்டின் சின்னத்திலேயே நின்றுவிட்டதுபோல் தெரிந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

பிடித்திருந்தால் நிரந்தரமாக்க ஒரே கட்டளைதான்: சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் மல்டி-யூசர்.டார்கெட். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. சிஸ்டம் என்ற சொல்லோடு சி, டி, எல் ஒட்டி வரும். புள்ளிக்கு முன்னும் பின்னும் இடைவெளி கூடாது. திரும்பி வர, கடைசிச் சொல்லை மட்டும் கிராஃபிக்கல்.டார்கெட் என்று மாற்றினால் போதும். ஒரு நாளைக்கு மட்டும் டெஸ்க்டாப் தேவையா? சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் லைட்டிஎம் (லைட் என்ற சொல்லோடு டி, எம் ஒட்டி வரும்) என்று தட்டினால் மின்டில் வழக்கமான நுழைவுத் திரை வந்துவிடும்.

கட்டளை இவ்வளவுதான். தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. டெஸ்க்டாப் நமக்குச் சொல்லாமலே சில வேலைகளைச் செய்துகொண்டிருக்கும். அதை நிறுத்திய பிறகுதான் அது தெரியவரும்.

உங்கள் லேப்டாப் இதுவரை பாஸ்வேர்டு கேட்காமலே திறந்திருக்கலாம். கறுப்புத் திரை பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும். தட்டும்போது நட்சத்திரக்குறிகூட வராது, கைதான் நம்பிக்கை. வைஃபை பாஸ்வேர்டை உங்கள் கணக்குக்குள் மட்டும் சேமித்திருந்தால் இணைப்பும் கிடைக்காது. என்எம்டியூஐ என்ற கட்டளையில் சரிசெய்யலாம்தான். ஆனால் கடையில் ஓரிடத்தில் அசையாமல் கிடக்கும் கணினிக்கு வைஃபை எதற்கு? ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். டிசைன்கள் யூஎஸ்பி ஹார்டு டிஸ்கில் இருந்தால், அதைத் தானாகத் திறந்துகொடுப்பதும் டெஸ்க்டாப்தான். இனி, தொடங்கும்போது எந்த டிஸ்கை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கு ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேருங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் கழன்றிருக்கும் நாளில் கணினி பாதியிலேயே நின்றுவிடும்.

அப்புறம், மூடி. இதில் நானே மாட்டியிருக்கிறேன். தெரிந்தவரின் டியூஷன் வகுப்புக்கு இதேபோல் ஒரு லேப்டாப்பை அமைத்து, எல்லாம் ஓடுகிறது என்று காட்டிவிட்டு, பெருமையாக மூடியை மூடிவைத்து வீட்டுக்கு வந்தேன். வாசலைத் தாண்டுமுன்பே அது தூங்கிவிட்டது. மறுநாள் காலையில் போன் வந்தபோது நான் நெட்வொர்க்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மூடினால் தூங்கு என்பதுதான் சிஸ்டம்டியின் இயல்பான அமைப்பு. ஈடிசி கோப்புறையில், சிஸ்டம்டி உள்கோப்புறைக்குள் லாகின்டி.கான்ஃப் என்ற கோப்பு இருக்கும். அதில் 'ஹேண்டில்லிட்ஸ்விட்ச்' என்ற சொல்லை ஒட்டி உடனே சமக்குறி வரும் வரியின் முன்னால் உள்ள ஹேஷ் குறியை அழித்து, சமக்குறிக்குப் பின்னால் இருப்பதை 'இக்னோர்' என்று மாற்றி, கணினியை மறுபடி தொடக்குங்கள். நம் ஊர் வெக்கைக்கு, மூடிய லேப்டாப் மேல் கார்டு கட்டுகளை அடுக்காமல் இருப்பதும் நல்லது.

கடைசியாக, தமிழ்க் கடைக்காரர்கள் பதறிப்போகும் ஒன்று. கறுப்புத் திரையில் கோப்புப் பட்டியல் காட்டும் 'எல்எஸ்' கட்டளையைத் தட்டிப் பார்த்தால், தமிழில் பெயர் வைத்த கோப்புகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். மாப்பிள்ளை பெயரும் தெரியாது, பெண் பெயரும் தெரியாது. கோப்பு கெடவில்லை. அந்தத் திரையின் எழுத்துருவில் அதிகம் போனால் 512 வடிவங்களுக்குத்தான் இடம். கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்த்துக் காட்டவும் அதற்குத் தெரியாது. ஆகவே அங்கே உட்கார்ந்து பெயர் மாற்றவோ அழிக்கவோ போகாதீர்கள். டெஸ்க்டாப் இருக்கும்போதே ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர் தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு எந்தக் கட்டளையானாலும் முன் கவுண்டரிலிருந்தே உள்ளே நுழைந்து கொடுக்கலாம். அங்கே எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே நின்றாலும் யார் வீட்டுக் கல்யாணம் என்று படித்துவிடலாம். பகிர்ந்த கோப்புறை வழியாகத் திறந்தால் அந்தக் குறையும் இருக்காது.