மிலிட்டரி லாரிப் பட்டறையை விட்டு வர மறுக்கும் மகன்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மகன் பதினொன்றாம் வகுப்பில் சேர மறுக்கிறான் என்றும், ஏலத்தில் எடுத்த பழைய இராணுவ லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறையிலேயே விடுமுறை முழுவதையும் கழிக்கிறான் என்றும், இது பிழைப்புக்கு உதவுமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவனுடைய ஆர்வத்தைத் தடுக்க வேண்டாம்; ஆனால் அந்தப் பட்டறையை மட்டும் நம்பி அவனை விட்டுவிடவும் வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் அந்த வண்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இத்தொழிலின் சந்தை எவ்வளவு என்பது அதிலிருந்தே விளங்கும். சக்திமான் லாரி, ஜெர்மனியின் மேன் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1950களின் இறுதியில் தொடங்கி 1990களின் நடுப்பகுதி வரை ஜபல்பூரில் தயாரிக்கப்பட்டது. அதன் இடத்தைப் பின்னர் அசோக் லேலண்டின் ஸ்டாலியனும் டாடாவின் எல்.பி.டி.ஏ. வகை லாரிகளும் பிடித்துக்கொண்டன. படையிலிருந்து கழிக்கப்பட்டு ஏலத்துக்கு வரும் வண்டிகளை, நான்கு சக்கரங்களுக்கும் இழுவை இருக்கிறது என்பதற்காகக் குவாரிக்காரர்களும் மர வியாபாரிகளும் வாங்குகிறார்கள். பழைய வண்டிகளைச் சேகரிப்பவர்கள் சிலரும் உண்டு. வாடிக்கையாளர் வட்டம் ஏறக்குறைய அவ்வளவுதான். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு உதிரி பாகம் கிடைப்பதும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகும். ஆகவே இந்த ஒரு வகை வண்டியை மட்டும் நம்பி, முப்பது ஆண்டுக்கால வாழ்க்கையை அமைத்துக்கொள்ள இயலாது.

ஆயினும், டீசல் எஞ்சினைக் கற்றுக்கொள்வதற்கு இவற்றைவிட நல்ல வண்டி அமையாது. சென்சாரும் கணினியும் இல்லாத எஞ்சினில் கோளாறு எங்கே என்று எந்தத் திரையும் சொல்லாது. கண்ணாலும் காதாலும் கையாலும்தான் தேட வேண்டும். ஏலத்துக்கு வரும் வண்டிகளில் ஓடித் தேய்ந்தவற்றைவிட நின்றே கெட்டவை பல. டீசல் டாங்கியின் அடியில் தண்ணீரும் துருவும் சேர்ந்திருக்கும், ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் எஃப்.ஐ. பம்பின் உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற தண்டு இறுகிப்போயிருக்கும். ஸ்டார்ட் ஆகாத வண்டியைக் கண்டதும் அரைகுறையாகத் தெரிந்தவர் பம்பைக் கழற்றி, அதைப் பழுது பார்க்கும் பம்ப் கடைக்கு அனுப்புவார். தொழில் தெரிந்தவர் டாங்கியிலிருந்து தொடங்கி, ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வருகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த பாகத்துக்குப் போவார். (கடைக்கு வரும் பம்புகளில் எத்தனை உண்மையிலேயே பழுதானவை என்பதைப் பம்ப் கடைக்காரர்கள் வெளியே சொல்வதில்லை.) ராக் முழு டீசல் நிலையில் இறுகியிருந்தால், ஸ்டார்ட் ஆன எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும் என்பதால், நெடுநாள் நின்ற வண்டியை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது, காற்று வரும் வழியை உடனே அடைப்பதற்குத் தட்டையான பலகை ஒன்றை அருகில் வைத்திருப்பதும் இத்தொழிலில் கற்க வேண்டிய பாடமே.

ஓடும் எஞ்சினில் புகையின் நிறமே பாதி விடையைச் சொல்லிவிடும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் அதை அளவுக்கு மீறி ஊற்றுகிறது. நீலப்புகை என்றால் தேய்ந்த பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு வழியாக ஆயில் உள்ளே புகுந்து எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), கம்ப்ரெஷன் (சிலிண்டரின் காற்றழுத்தம்), ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மூடியின் அடித் தகடு) ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை அறிய, எஞ்சின் மெதுவாக ஓடும்போது நாசில் குழாயின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது எஞ்சினின் சத்தம் மாறாமல் இருக்கிறது என்று கவனிப்பார்கள்.

சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பின் வேலை பார்வைக்கு எளியது. உயிரோடு விளையாடுவதும் அதுவே. சக்கரத்தின் உட்புறம் ஆயில் கசிந்தால், அதைத் தடுக்கும் வளையமான ‘ஆயில் சீல்’ ஒன்றை மட்டும் மாற்றி அனுப்புவது பல பட்டறைகளின் வழக்கம். ஆக்சிலின் (சக்கர அச்சின்) காற்றுப்போக்கி சேற்றால் அடைபட்டு, உள்ளே அழுத்தம் கூடியதால்தான் ஆயில் அந்தச் சீலைத் தாண்டியது என்றால், புதுச் சீலும் விரைவில் கசியும். கசிந்த ஆயில் பிரேக் லைனரில் ஏறினால் இறக்கத்தில் வண்டி நிற்காது. ஹப் பேரிங்கைப் பூட்டும்போது டிரம்மைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்குத் தளர்த்திப் பூட்ட வேண்டும். அதிகம் இறுகினால் பேரிங் சூடேறி நீலம் பாய்ந்துவிடும்; தளர்ந்தால் சக்கரம் ஆடி, ஆயில் சீலையும் பேரிங்கையும் தின்றுவிடும்.

இங்கே தந்தை என்ற முறையில் நீங்கள் நேரில் சென்று பார்க்க வேண்டியவை சில உள்ளன. டயரின் காற்றை முழுவதும் இறக்காமல் சக்கரத்தைக் கழற்றுகிறார்களா என்று பாருங்கள். வளையம் பூட்டிய ரிம்மும், சில இராணுவ வண்டிகளில் இருக்கும் இரண்டு துண்டாகப் பிரியும் ரிம்மும் காற்றோடு பிரிந்தால் ஆளைக் கொல்லும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது; தாங்கு கட்டை இருக்க வேண்டும். பழைய பிரேக் லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அந்தத் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இந்த மூன்று பாதுகாப்பில் ஒன்று குறைந்த பட்டறையிலும், உரிமையாளர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், பதினாறு வயதுப் பையனை விடாதீர்கள்.

உங்கள் மகனுக்கு இத்தொழில் ஒத்துவருமா என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. இன்று என்ன மாற்றினாய் என்று கேட்காமல், அதை ஏன் மாற்றினாய், வேறு எதைப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வந்தாய் என்று கேளுங்கள். காரணத்தை வரிசையாகச் சொல்ல முயல்கிறான் என்றால், தவறாகச் சொன்னாலும்கூட, அவனுக்கு இத்தொழிலில் எதிர்காலம் உண்டு. பட்டறை அண்ணன் மாற்றச் சொன்னார் என்ற பதிலே திரும்பத் திரும்ப வருமானால், அவனை ஈர்ப்பது வண்டியா, பட்டறை நண்பர்களா என்று நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கும்.

படிப்பைப் பொறுத்தவரை, தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவு ஓராண்டு, மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டு. இரண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஓராண்டுப் படிப்பே சீக்கிரம் முடியும் என்று நினைக்கத் தோன்றும். நான் இரண்டாண்டுப் படிப்பையே பரிந்துரைப்பேன். இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதால், அவன் பொறியாளராக வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் அதற்கும் வழி அடைபடாது. இராணுவத்தில் தொழில்நுட்பப் பிரிவு அக்னிவீர் பணிக்குப் பத்தாம் வகுப்போடு செல்பவர்களிடம் கேட்கப்படுவதும் இரண்டாண்டு ஐ.டி.ஐ. பயிற்சியே, ஆனால் அப்பணி நான்கு ஆண்டுகளுக்கானது, அதன்பின் 25 விழுக்காட்டினர் வரையே நிரந்தரமாக்கப்படுவர் என்பதைத் தெரிந்தே செல்ல வேண்டும். இராணுவ வண்டிகள்மீது அவனுக்குள்ள பற்று உறுதியானது என்றால், இராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவான இ.எம்.இ.யின் பணிமனைகளில் சீருடை அணியாத வாகன மெக்கானிக் பணியிடங்களும், ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் தொழில்பழகுநர் (அப்ரென்டிஸ்) பயிற்சியும் அறிவிக்கப்படும்போது கவனியுங்கள்.

வருமானம் என்னவோ சாதாரண லாரிகளில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும், பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட லாரிகளில் டீசல் அளவைக் கணினி முடிவு செய்கிறது. அந்தக் கணினி பதியும் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் இல்லாமல் அவற்றைத் தொட முடியாது. ஸ்கேனர் ஒரு குறியீட்டைக் காட்டியதும் உடனே அந்தச் சென்சாரை மாற்றுபவர்கள் ஏராளம். அதற்கு முன் ஃபில்டரையும் வயரையும் காற்றுக் கசிவையும் பார்ப்பவருக்கே வேலை தேடி வரும். அந்தப் பழக்கத்தைத்தான் பழைய லாரி உங்கள் மகனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஐ.டி.ஐ. சேர்க்கை விண்ணப்பத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவை முதல் விருப்பமாகவும், டீசல் மெக்கானிக் பிரிவை இரண்டாவதாகவும் குறியுங்கள். அரசு நிலையம் சற்றுத் தொலைவில் இருந்தாலும் அதையே முதலில் எழுதுங்கள். பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறையிலும் போகட்டும்; பார்த்த கோளாறு, தேடிய வரிசை, கண்ட காரணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வரச் சொல்லுங்கள். தொழில்பழகுநர் நேர்காணலில் மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் அவன் எடுத்துச் செல்லலாம்.