விழுது காயாமல் இறங்க

கேள்வி: மண்ணில்லாமல், சத்துக் கரைசலில் வேர்க்கடலை வளர்க்கிறேன். செடி பசுமையாக இருக்கிறது. பூவும் நிறைய வருகிறது. ஆனால் பூவிலிருந்து இறங்கும் விழுதுகளில் பாதி, நுனி கருத்துக் காய்ந்துவிடுகின்றன. அறையில் வெப்பநிலை 25 பாகை, ஈரப்பதம் 45 சதவீதம். வேர் எந்நேரமும் நீரில் இருக்கும்போது காற்றின் ஈரத்தைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: வேர்க்கடலையின் காய் நீரிலோ மண்ணிலோ பிறப்பதில்லை, காற்றில் பிறந்து, பிறகுதான் இருளுக்குள் போகிறது. விடிகாலையில் மலர்ந்து தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பூ அன்றே வாடிவிட, அதன் சூலகத்தின் அடிப்பகுதி நீண்டு, கருவுற்ற சூலைத் தன் நுனியில் சுமந்துகொண்டு கீழ்நோக்கி வளர்கிறது. அதுவே விழுது. ஊதா படர்ந்த அந்த மெல்லிய ஊசியைக் கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வளரும் பகுதி நுனியை ஒட்டியே இருப்பதால், அது காய்ந்தால் காயும் இல்லை.

25 பாகையில் 45 சதவீத ஈரமுள்ள காற்றின் உறிஞ்சும் வேகம், 75 சதவீதக் காற்றினுடையதைப் போல இரு மடங்குக்கும் சற்று மேல். ஆகவே விழுது இறங்கும் பருவத்தில் ஈரப்பதத்தை 65 முதல் 75 சதவீதத்துக்குள் வைத்திருப்பதே என் பரிந்துரை. அளவுமானியைச் சுவரில் மாட்டாமல், விழுதுகள் தொங்கும் உயரத்தில், விளக்கொளி படாதபடி வையுங்கள். விழுது இறங்குவதற்கான, பெர்லைட் எனும் பொரித்த எரிமலைக் கல்துகள் நிரப்பிய தட்டைத் தண்டின் அடிவரை உயர்த்தினால் விழுது காற்றில் கடக்கும் தூரம் குறையும். எனக்கு இதுவே முதல் வேலையாகத் தோன்றுகிறது. தட்டின் உள்ளே ஒளி புகக் கூடாது, ஏனெனில் இருட்டில்தான் காய் பருக்கும்.

வறண்ட காற்றில் செடி சத்து உப்பைவிட நீரையே அதிகம் குடிப்பதால் தொட்டியில் கரைசல் செறிவாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். குறைந்த அளவை வெறும் நீரால் நிரப்பி, உப்பின் செறிவைக் காட்டும் மின்கடத்துதிறனைப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் 95 சதவீதம் வைத்தால் இன்னும் நல்லதா?

பதில்: இல்லை. இலை நீரை ஆவியாக்கும்போதுதான் கால்சியம் தளிருக்கு ஏறுகிறது. காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் அந்த ஓட்டம் தளர்ந்துவிடும். இருட்டிலுள்ள காயோ ஆவியாக்குவதே இல்லை, தன் கால்சியத்தைச் சுற்றியுள்ள ஈரத்திலிருந்தே எடுக்கிறது. எனவே காய்த்தட்டிலும் கால்சியம் கலந்த கரைசல் இருக்க வேண்டும், வேர்த்தொட்டியில் மட்டும் இருந்தால் போதாது.

இரவையும் கவனியுங்கள். 28 பாகையில் 70 சதவீத ஈரம் கொண்ட காற்று, 22 பாகைக்குக் குளிர்ந்தாலே இலையில் பனித்துளி கட்டிவிடும். இலைப்புள்ளி நோயும் துரு நோயும் அந்த ஈரத்தில்தான் பிடிக்கின்றன. விளக்கு அணையும்போது மெல்லிய விசிறி ஓடட்டும். நீர் தெளிப்பதானால் காலையில், தட்டின் மீது மட்டும் தெளியுங்கள்.