இரண்டு புத்தகத்தையும் ஒன்றாகத் திறந்து வைத்துப் படியுங்கள்

கேள்வி: பல வருடம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தேன். இப்போது டூட்டியையும் பார்த்துக்கொண்டே நர்ஸிங் மேற்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். மற்ற பாடங்களைச் சமாளித்துவிடுகிறேன். மருந்துகளைப் பற்றிய ஃபார்மகாலஜியும், நோய் உடம்பில் நடக்கும் வழியைப் பற்றிய பேத்தோஃபிசியாலஜியும்தான் படுத்துகின்றன. நைட் டூட்டி முடித்து வந்து மருந்துப் பெயர், டோஸ், பக்கவிளைவு என்று மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதி மறந்துபோகிறது. கூடப் படிக்கும் சின்னப் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். தினமும் என் கையால் கொடுத்த மருந்துகளிலேயே எனக்குக் குழப்பம் வருகிறதே, இந்தப் படிப்பு எனக்குச் சரிப்படுமா? விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விட வேண்டாம், சகோதரி. உங்கள் கடிதத்தைப் படித்தால் மூளையில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, படிக்கும் முறையில்தான் இருக்கிறது. காலையில் ஒரு புத்தகம், ராத்திரி இன்னொரு புத்தகம் என்று இரண்டையும் இரண்டு பாடமாகப் படிக்கிறீர்கள். பாடத்திட்டமே அப்படிப் பிரித்துத்தான் கொடுக்கிறது, அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ஆனால் நோய் நடக்கும் வழி தெரியாமல் மருந்தைப் படித்தால் அது வெறும் பெயர்ப்பட்டியல். பட்டியல் யாருக்கும் நிற்காது. ஒப்பிக்கிற அந்தப் பிள்ளைகளுக்கும் பரீட்சை முடிந்ததும் பறந்துவிடும்.

இதயச் செயலிழப்பை எடுத்துக்கொள்வோம். இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது. உடம்பில் ரத்தமே வற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அது ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. கல்லீரலில் உண்டாகிற ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதத்தை ரெனின் வெட்டி ‘ஆஞ்சியோடென்சின் ஒன்று’ என்ற பொருளாக ஆக்குகிறது. ஏ.சி.ஈ. என்ற நொதி அதை ‘ஆஞ்சியோடென்சின் இரண்டு’ என்ற பொருளாக மாற்றுகிறது. இந்த நொதி நுரையீரல் ரத்தக்குழாய்களின் உட்சுவரில் நிறைய இருக்கிறது. ஆஞ்சியோடென்சின் இரண்டு, ரத்தக்குழாய்களைச் சுருக்கும், அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனையும் வரவழைக்கும். ஆல்டோஸ்டீரோன் வந்தால் உப்பும் தண்ணீரும் உள்ளே தங்கும், பொட்டாசியம் வெளியே போகும். விபத்தில் ரத்தம் இழந்த ஒருவரை இந்த ஏற்பாடு காப்பாற்றும். ஏற்கெனவே களைத்த இதயத்துக்கோ சுமைக்கு மேல் சுமை. கால் வீங்குவதும், படுத்தால் மூச்சு முட்டுவதும், நீங்கள் தலையணையை உயர்த்தி வைப்பதும் இதனால்தான்.

இப்போது அதே தாளில் மருந்துகளை வையுங்கள். என்லாபிரில் ஏ.சி.ஈ.யைத் தடுக்கிறது. அதற்கு அடுத்த படியில், ஆஞ்சியோடென்சின் இரண்டு போய் ஒட்டும் ஏற்பியை லோசார்டன் அடைக்கிறது. அதற்கும் கீழே ஆல்டோஸ்டீரோனின் வேலையை ஸ்பைரனோலாக்டோன் மறிக்கிறது. ஃபுரோசமைடு சிறுநீரகக் குழலில் ஹென்லே வளைவின் ஏறுபகுதியில் நின்று, உப்பு திரும்ப உறிஞ்சப்படாமல் பார்த்துக்கொள்கிறது. மருந்து நாலு, ஆனால் கதை ஒன்றுதான்.

பக்கவிளைவும் அதே கதைக்குள் வந்துவிடும். ஏ.சி.ஈ. என்ற அந்த நொதிக்கு, ரத்தக்குழாயை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் வேலையும் உண்டு. நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் தேங்கும். வறட்டு இருமல் வரும், சிலருக்கு உதடும் நாக்கும் வீங்கும். லோசார்டன் இந்த நொதியைத் தொடுவதில்லை, அதனால்தான் இருமல் தாங்காதவருக்கு மருந்தை அதற்கு மாற்றுகிறார்கள். (இந்தக் குடும்பத்து மருந்துகளுக்கு வழி காட்டியதே பிரேசில் நாட்டுக் குழிவிரியன் பாம்பு ஒன்றின் விஷம். அது பிராடிகைனினின் வேலையைக் கூட்டுகிறது என்று 1960களில் அந்நாட்டு மருந்தியலாளர் செர்ஜியோ ஃபெரேரா கண்டார். அந்தத் தடத்தில் உருவான கேப்டோபிரிலுக்கு 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதைக் கேட்டவர்களுக்கு இருமலும் பிராடிகைனினும் மறக்காது.) பொட்டாசியமும் அப்படித்தான். ஆல்டோஸ்டீரோன் குறைந்தால் பொட்டாசியம் தங்கும். ஆகவே சிறுநீரகம் தளர்ந்த ஒருவருக்கு என்லாபிரிலும் ஸ்பைரனோலாக்டோனும் சேர்ந்து போகிறபோது பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் விட முடியாது. ஃபுரோசமைடு இதற்கு நேர் எதிர், பொட்டாசியத்தை இறக்கும். இறங்கியிருக்கும்போது, இதயத்துடிப்புக்கு வலுவூட்டும் டிகாக்சினைக் கொடுத்தால் அதன் நச்சு சீக்கிரம் தலைகாட்டும், ஏனென்றால் டிகாக்சினும் பொட்டாசியமும் செல்சவ்வில் ஒரே பம்ப்பில் இடத்துக்குப் போட்டி போடுகின்றன. டிகாக்சினுக்கு முன்னால் ஒரு நிமிடம் முழுசாக ஏபெக்ஸ் பல்ஸ் (நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் துடிப்பு) எண்ணுகிறீர்களே, குமட்டல் இருக்கிறதா, பார்வை மஞ்சளாகத் தெரிகிறதா என்று கேட்கிறீர்களே, அதற்கெல்லாம் காரணம் இங்கே இருக்கிறது.

வழி தெரிந்தவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஒரு காலத்தில் இதயச் செயலிழப்புக்கு, அட்ரீனலினின் வேலையைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் கூடவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். 1990களின் பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு கார்வெடிலால், பிசோப்ரோலால் போன்றவை அந்த நோய்க்கு அடிப்படை மருந்துகளாகிவிட்டன. பழைய விதியை மனப்பாடம் செய்தவருக்கு இது பெரிய குழப்பம். ஓயாமல் விரட்டும் அட்ரீனலின்தான் இதயத்தை மேலும் கெடுக்கிறது என்று புரிந்தவருக்கு மாற்றமும் புரியும். ஏன் மிகக் குறைந்த டோஸில் ஆரம்பிக்கிறார்கள், உடம்பில் நீர் தேங்கி மூச்சு வாங்கும் நிலையில் ஏன் புதிதாக ஆரம்பிப்பதில்லை என்பதும் புரியும்.

இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம், உங்கள் வேலை மாறப்போகிறது. இதுவரை எழுதிவைத்த மருந்தைச் சரியாகக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. இனி, கொடுக்கலாமா, நிறுத்திவைக்கலாமா என்ற முடிவில் உங்களுக்கும் பங்கு. சர்க்கரை நோயில், இன்சுலின் பற்றாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸுடன் ஒருவர் வருகிறார். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் இயல்பாக, சில சமயம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் உடம்பில் மொத்தப் பொட்டாசியம் குறைந்துபோயிருக்கும். இன்சுலின் இல்லாததால் செல்லுக்குள் இருந்தது ரத்தத்துக்கு வந்து, சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் இன்சுலின் கொடுத்ததும் ரத்தத்தில் இருப்பது செல்லுக்குள் திரும்ப ஓடும். அளவு சரசரவென்று இறங்கி இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். அதனால்தான் முதல் ரிப்போர்ட்டிலேயே பொட்டாசியம் குறைவாக இருந்தால் இன்சுலினைத் தள்ளிவைத்து முதலில் பொட்டாசியத்தை ஏற்றுகிறார்கள். மருந்துப் பட்டியலில் ‘இன்சுலின்: சர்க்கரையைக் குறைக்கும்’ என்று மட்டும் படித்தவர் இந்த இடத்தில் என்ன செய்வார்? எனக்கு நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. மார்ஃபின் அதிகமாகி மூச்சு மந்தமானவர் அதன் முறிவு மருந்தான நலோக்சோன் போட்டதும் கண் விழித்ததையும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மூச்சு மந்தமானதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நலோக்சோன் மார்ஃபினைவிடச் சீக்கிரம் உடம்பைவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான் விஷயம். ஹாஃப் லைஃப் (மருந்தின் அளவு உடம்பில் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) என்ற பாடத்தை அந்த நோயாளியின் முகத்தோடு சேர்த்துப் படித்தால் அது எங்கே போகும்? அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்தே உட்கார்ந்து படியுங்கள். அவர்கள் பெயர்களைச் சொல்லட்டும், நீங்கள் வார்டில் கண்டதைச் சொல்லுங்கள்.

சரி, எப்படிப் படிப்பது? வாரத்துக்கு ஒரு நோய் போதும், அதுவும் நீங்கள் அந்த வாரம் பார்த்துக்கொள்கிற நோயாளியின் நோயாக இருந்தால் நல்லது. பெரிய தாளில் நோயின் வழியை வரையுங்கள். எந்தப் படியில் எந்த மருந்து போய் நிற்கிறது என்று வேறு மையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே எதைக் கவனிப்பேன், எப்போது கொடுக்க மாட்டேன் என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். அப்புறம் தாளைக் கவிழ்த்துவிட்டு யாருக்காவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தடுமாறுகிற இடத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும். சிறுநீரகமும் தானியங்கு நரம்பு மண்டலமும் மங்கலாக இருந்தால் முதலாம் ஆண்டு ஃபிசியாலஜி புத்தகத்தை எடுப்பதில் வெட்கமே வேண்டாம். பாதி ஃபார்மகாலஜி அந்த இரண்டில் அடங்கிவிடும்.

மனப்பாடமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முறிவு மருந்துகள், டிகாக்சின், வார்ஃபரின், லித்தியம் போல நன்மைக்கும் நச்சுக்கும் இடைவெளி குறைந்தவை, லேப் அளவுகள் — இவை நாக்கு நுனியில் இருக்க வேண்டும். மற்றபடி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மருந்தை நன்றாகத் தெரிந்துகொண்டால் மற்றவை பெரும்பாலும் அதைப் பின்பற்றும். பெயரின் வால் பகுதி, ‘பிரில்’, ‘சார்டன்’, ‘ஸ்டாட்டின்’ என்று குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். டோஸை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்வது பாதுகாப்பான பழக்கம். அதை மறதியின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக அந்த நைட் டூட்டி. தூக்கம் கெட்ட தலையில் படித்தது தங்காது. படித்ததை மூளை பதித்துக்கொள்ளும் வேலையில் பெரும்பங்கு தூங்கும்போதுதான் நடக்கிறது. படிப்பை விடலாமா என்று என்னிடம் கேட்டதற்கு முன், இந்த செமஸ்டர் முடியும்வரை நைட்டைக் குறைத்துத் தர முடியுமா என்று உங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் அடுத்த டூட்டி லிஸ்ட் போடுவதற்குள் போய்க் கேட்டுவிடுங்கள்.