மகனின் வரைபடத்தில் மால்வினாஸ்: என்ன சொல்லிக் கொடுப்பது?

கேள்வி: கணவரின் வேலைக்காக புவெனஸ் ஐரிஸில் குடியிருக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் பள்ளிக்காக வரைந்த வரைபடத்தில் ஃபாக்லாந்து தீவுகளை பிரிட்டனின் நிறத்தில் தீட்டிவிட்டான். ஆசிரியை அதை அடித்து, அந்தத் தீவுகளின் அர்ஜென்டினப் பெயரைச் சொல்லி ‘மால்வினாஸ் நம்முடையது’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். இணையத்தில் பிரிட்டிஷ் பகுதி என்றுதான் இருக்கிறது. அவனிடம் எதைச் சரி என்று சொல்வது? அடுத்த வருடம் அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவிலிருந்து கப்பலில் அங்கே போகவும் நினைக்கிறோம். அதில் சிக்கல் உண்டா?

பதில்: ஆசிரியை மேல் வருத்தப்படாதீர்கள். 2010இல் வந்த 26.651ஆம் எண் சட்டப்படி, அர்ஜென்டினாவின் பள்ளிகள் எல்லாம் அரசு வெளியிடும் வரைபடத்தையே பயன்படுத்த வேண்டும். அதில் மால்வினாஸும் அண்டார்க்டிகாவில் அந்த நாடு உரிமை கோரும் பகுதியும் சேர்ந்தே இருக்கும். 1994 அரசியல் சட்டத் திருத்தத்திலும் இந்த உரிமைக் கோரிக்கை எழுதி வைக்கப்பட்டுள்ளது. அதனால் பள்ளி வரைபடத்தை ஆசிரியை சொன்னபடியே வரையட்டும். ஆனால் தீவுகளை ஆள்வது பிரிட்டன்தான் என்பதும் மகனுக்குத் தெரிய வேண்டும். 1833 ஜனவரியில் தொடங்கிய ஆட்சி, 1982 போரின்போது அர்ஜென்டினா பிடித்து வைத்திருந்த 74 நாட்கள் தவிர, இன்று வரை தொடர்கிறது. யார் கையில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, யாருக்கு உரியது என்பது வேறு கேள்வி. இந்த வயதுப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு நன்றாகவே புரியும்.

அர்ஜென்டினா சொல்வது இதுதான். 1764இல் முதல் குடியிருப்பை அமைத்தது பிரான்ஸ். 1767இல் அதை ஸ்பெயினிடம் ஒப்படைத்தது. 1766இல் வேறொரு தீவில் குடியேறிய ஆங்கிலேயர்கள், தங்கள் உரிமையைச் சொல்லும் தகடு ஒன்றை வைத்துவிட்டு 1774இல் போய்விட்டார்கள். 1811இல் ஸ்பெயினும் கிளம்பியது. விடுதலை பெற்ற அர்ஜென்டினா, ஸ்பெயினின் வாரிசாக 1820இல் கொடியேற்றி, 1829இல் லூயிஸ் வெர்னெட்டை ஆளுநராக நியமித்தது. 1833 ஜனவரி 3 அன்று பிரிட்டிஷ் கப்பலான கிளியோ வந்து அர்ஜென்டினப் படையை வெளியேற்றியது. பலவந்தமாகப் பறித்த நிலத்துக்கு எத்தனை ஆண்டு ஆனாலும் உரிமை வராது என்கிறார்கள்.

தன் உரிமையைத் தான் ஒருபோதும் விட்டுக் கொடுக்கவில்லை, வெளியேற்றியது காவல் படையைத்தானே தவிர குடிமக்களை அல்ல என்பது பிரிட்டனின் பதில். ஆனால் இன்று அதன் முக்கிய வாதம் பழைய வரலாறு அல்ல, அங்கே வாழும் மக்கள். மக்கள்தொகை சுமார் 3,500. பல குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே இருக்கின்றன. 2013 மார்ச் வாக்கெடுப்பில் 1,513 பேர் பிரிட்டனுடன் தொடர வேண்டும் என்றார்கள், எதிர்த்தவர்கள் 3 பேர். அந்த வாக்கெடுப்பை அர்ஜென்டினா ஏற்கவில்லை. பிரிட்டன் கொண்டுவந்து குடியேற்றிய மக்களுக்கு நிலத்தின் தலைவிதியை முடிவு செய்யும் உரிமை கிடையாது என்பது அதன் நிலை.

ஆக, ஒரு தரப்பு ‘1833இல் நடந்தது நியாயமா’ என்று கேட்கிறது. இன்னொரு தரப்பு ‘இன்று இங்கே வாழ்பவர்கள் என்ன விரும்புகிறார்கள்’ என்று கேட்கிறது. இரண்டுமே நேர்மையான கேள்விகள். ஒன்றுக்கான பதில் மற்றதற்குப் பதில் ஆகாது, அதனால்தான் எத்தனை ஆவணங்களைக் காட்டினாலும் தகராறு தீர்வதில்லை. சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், அதற்கு இரு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். இதுவரை அப்படி நடக்கவில்லை. 1965இல் ஐ.நா. பொதுச்சபையின் 2065ஆம் தீர்மானம், தீவு மக்களின் நலன்களைக் கருத்தில் கொண்டு இரு அரசுகளும் பேசித் தீர்க்கச் சொன்னது. இந்தியாவும் பேச்சுவார்த்தையைத்தான் ஆதரிக்கிறது.

பலர் மறந்துவிட்ட ஒன்றை உங்கள் மகனுக்கு அவசியம் சொல்லுங்கள். ஒரு காலத்தில் தீர்வு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இரு நாடுகளும் 1971இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு தீவுக்கு விமானம் விட்டது அர்ஜென்டினாதான். எரிபொருள் அங்கிருந்து போனது. தீவுவாசிகள் வைத்தியத்துக்கும் படிப்புக்கும் அர்ஜென்டினாவுக்கு வந்தார்கள். 1980இல் பிரிட்டிஷ் அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லி, உரிமையை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்து நீண்ட காலக் குத்தகைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையோடு தீவுக்கே போனார். தீவு மக்களும் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் ஏற்கவில்லை. அப்புறம் 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி படையை இறக்கியது. போரில் அர்ஜென்டினர்கள் 649 பேர், பிரிட்டிஷ் தரப்பில் 255 பேர், தீவுவாசிகள் 3 பேர் இறந்தார்கள். ஹெனரல் பெல்கிரானோ என்ற ஒரே அர்ஜென்டினப் போர்க்கப்பலில் மட்டும் 323 பேர். கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் ஏராளம். மெல்ல வளர்ந்த நம்பிக்கை எல்லாம் பத்து வாரத்தில் போயிற்று. அடுத்த ஆண்டே தீவு மக்களுக்கு முழு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. தாங்கள் உரிமை கொண்டாடிய தீவை அந்தத் தளபதிகளே இன்னும் தூரமாகத் தள்ளிவிட்டார்கள் என்பதுதான் என் கணிப்பு.

அதனால் புவெனஸ் ஐரிஸில் இந்தப் பேச்சு வந்தால் கொஞ்சம் மெதுவாகவே போங்கள். ஏப்ரல் 2 அங்கே போர்வீரர்களுக்கான பொது விடுமுறை. பக்கத்து வீட்டில் ஒரு அண்ணனை, மாமாவை இழந்தவர்கள் இருக்கலாம். மகன் சொந்தமாகக் கட்டுரை எழுதினால் ஐ.நா. எழுதுவது போல ‘ஃபாக்லாந்து தீவுகள் (மால்வினாஸ்)’ என்று எழுதி, உரிமை பற்றி இரு நாடுகளுக்கும் தகராறு இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கலாம்.

சரி, பயணத்துக்கு வருவோம். தீவுகளின் தலைநகரான ஸ்டான்லி துறைமுகத்தில் இறங்கினால் அங்கே செல்லுபடியாவது தீவு நிர்வாகத்தின் குடிவரவு விதிகள்தான். அர்ஜென்டினக் குடியிருப்பு அட்டை மட்டும் போதும் என்று நம்பிப் போகாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு என்ன தேவை என்பதைக் கப்பல் நிறுவனத்திடமும் தீவின் குடிவரவு அலுவலகத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அர்ஜென்டினப் பணமான பேசோ அங்கே உதவாது, ஸ்டெர்லிங் பவுண்டு எடுத்துச் செல்லுங்கள். கண்ணிவெடிகளை 2020இல் முழுக்க அகற்றிவிட்டார்கள். டார்வின் கல்லறைத் தோட்டத்தில் அர்ஜென்டின வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெயர் தெரியாமல் கிடந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை செஞ்சிலுவைச் சங்கம் 2017இல் தொடங்கிய பணியில் அடையாளம் கண்டது. நேரம் இருந்தால் மகனை அங்கே கூட்டிப் போங்கள். அர்ஜென்டினக் கொடியோ அது போட்ட சட்டையோ மட்டும் வேண்டாம், தீவு மக்களுக்கு அது பழைய ரணம்.

அரசியல் சூடானால் கப்பல் வழித்தடமும் மாறக்கூடும். 2012 பிப்ரவரியில் தீவுகளுக்குப் போய் வந்த இரண்டு உல்லாசக் கப்பல்களை உஷுவாயாவில் அனுமதிக்கவில்லை. ஆகவே, ஸ்டான்லி ரத்தானால் பணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற விதியைப் படித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.